எத்தனை தாய்மரங்கள்?

கொடைக்கானல் மலைப்பூண்டின் ஒரு பல்லைத் தோலோடு முகர்ந்தால் பெரிதாக வாசம் இருக்காது. அம்மியில் வைத்து நசுக்கியதும் கண்ணைக் கரிக்கும் நெடி கிளம்பும். அலியின் என்ற பொருளையும் அதை உடைக்கும் அலினேஸ் நொதியையும் பூண்டு தனித்தனி அறைகளில் வைத்திருக்கிறது. புழு கடித்துச் சுவர் உடைந்தால்தான் இரண்டும் கலந்து அலிசின் பிறக்கும். நமக்கு மருந்து, பூண்டுக்கு ஆயுதம். மேற்குத் தொடர்ச்சி மலைக் காடுகளில் வளரும் நோத்தபோடைட்டஸ் மரமும் அப்படித்தான். அதிலுள்ள கேம்ப்டோதெசின், டிஎன்ஏயின் முறுக்கைத் தளர்த்தும் நொதியை முடக்கும் நஞ்சு. டோபோடெகன், இரினோடெகன் என்னும் புற்றுநோய் மருந்துகள் கேம்ப்டோதெசினிலிருந்து வந்தவை. அந்த மதிப்பே மரத்துக்கு எமனாயிற்று. காடு காடாக வெட்டினார்கள்.

இந்த ஆயுதங்களைச் செய்யும் மரபணுக்களும், கிருமி நுழைந்ததை மோப்பம் பிடிக்கும் மரபணுக்களும் குடும்பம் குடும்பமாக இருக்கின்றன. ஒரு மரபணு இரட்டிக்கும். ஒரு நகல் பழைய வேலையைப் பார்க்க, மற்றது மாறிப் புது எதிரிக்குத் தயாராகும். எதிரி ஓயாமல் மாறுவதால், ஒரே இனத்துக்குள்ளும் இக்குடும்பங்கள் செடிக்குச் செடி வேறுபடும். அராபிடாப்சிஸ் என்ற கடுகினச் சிறுசெடியைப் பற்றி 2019-ல் வெளியான ஆய்வில், கிருமியை உணரும் மரபணுக்களின் பட்டியல் ஏறக்குறைய நிறைவடையவே கவனமாகத் தேர்ந்த சுமார் 40 காட்டுச் செடிகள் தேவைப்பட்டன. அந்தப் பட்டியலில் பாதிதான் பெரும்பாலான செடிகளில் பொதுவாக இருந்தது. வேம்பின் மரபணுத்தொகுதியை 2012-லும் துளசியினுடையதை 2015-லும் இந்திய ஆய்வகங்கள் வாசித்து வெளியிட்டது பெருமைக்குரியது. ஆனால் ஒரு மரத்தை வாசித்துவிட்டு அந்த இனத்தையே வாசித்துவிட்டதாக நினைத்துவிடக் கூடாது.

மருந்தை ஆய்வகத்திலேயே செய்துகொள்ளலாமே, காடு எதற்கு என்று கேட்பவர்கள் உண்டு. நித்தியகல்யாணியின் மரபணுக்களை ஈஸ்டில் ஏற்றி, வின்பிளாஸ்டின் என்ற புற்றுநோய் மருந்துக்கான மூலப்பொருள்களை 2022-ல் செய்துகாட்டவும் செய்தார்கள். மகத்தான வேலை. ஆனால் அந்தச் செய்முறை செடியிடமிருந்து கற்றது. யாரும் வாசிக்கும் முன்பே வெட்டுண்ட மரத்திடம் எதைக் கற்பது? மருந்தின் வீரியம் மாறாதிருக்க ஒரே மாதிரி நாற்றுகள் வேண்டும் என்பது இன்னொரு வாதம். தோட்டத்துக்கு அது பொருந்தும். அதற்கும் ஒரு விலை உண்டு. விதையில்லாமல் பல்லை நட்டே பயிராக்கும் பூண்டில் மரபணுக்கள் கலந்து பிறக்க வழியில்லை. ஒரு செடியைச் சாய்க்கிற நோய்க்கு வயல் முழுவதும் இலக்குதான். காட்டை மீட்கும் இடத்திலும் அதே முறையைக் கொண்டுபோனால், பாதுகாப்பு என்ற பெயரில் பாதுகாப்பு மரபணுக்களையே உதிர்த்துவிடுவோம்.

கொடைக்கானலை அடுத்த வட்டக்கானலில் காட்டை எப்படி மீட்பது என்பது ஏட்டுக் கேள்வி இல்லை. பாப் ஸ்டூவர்ட்டும் தான்யா பல்கரும் அங்கே அறக்கட்டளை தொடங்கிச் சோலை என்னும் மலைக்காட்டின் மரங்களுக்கு நாற்றங்கால் வளர்த்தார்கள். சீகையும் யூக்கலிப்டசும் பரவிய மலையில் சோலைக் கன்றுகளை நட முடியும் என்பதை அந்த உழைப்பு காட்டியது. இனி நடுகிறவர்கள் நாற்றின் பெயரையும் எண்ணிக்கையையும் மட்டும் பதிவேட்டில் எழுதினால் போதாது. எத்தனை தாய்மரங்களின் விதை என்பதையும் எழுத வேண்டும். காய்த்துக் குலுங்கும் ஒரு மரத்தடியில் கூடை நிறைய அள்ளிவருவது எளிது. வட்டக்கானல் சோலை, பாம்பார் சோலை, அதற்கப்பால் உள்ள சரிவுகள் என்று அலைந்து, மரத்துக்கு ஒரு கைப்பிடியாகச் சேர்ப்பதற்கு நாளும் கூலியும் கூடுதலாகும். அந்தக் கூலியை நடவுத் திட்டத்தின் செலவிலேயே ஒதுக்க வேண்டும்.