பூச்சுக்கு அடியில்

கோயில் பார்க்க வருவோரைச் சுமந்து ஓய்ந்த பழைய வேனை விற்க நினைப்பவர், காஞ்சியிலும் முதலில் பட்டறைக்குத்தான் ஓட்டிப் போகிறார். டிங்கர் வேலை, பட்டி, பிரைமர், பெயின்ட். சில நாட்களில் வண்டி மாப்பிள்ளைக் கோலத்தில் நிற்கிறது.

பூசுவதை நாம் குறைகூறவில்லை. துருவைச் சுரண்டி, அரித்த தகட்டை வெட்டி மாற்றிப் பூசுவது பராமரிப்பு. துருவின் மேலேயே பட்டியை அப்பிப் பூசுவது வஞ்சகம். உள்ளே ஈரம் தங்கி அரிப்பு தொடரும். ஒரு மழைக்காலத்தில் பெயின்ட் கொப்புளித்து உரியும். அப்போது வண்டி, கடன்பட்டு வாங்கிய ஓர் ஓட்டுநரின் கையில் இருக்கும். அரித்தது அடித்தளம் என்றால் பயணிகளின் உயிரும் அதில் அடக்கம்.

இவ்வூருக்கு இந்த அறம் புதிதன்று. அசல் ஜரிகையில் பொன்முலாமுக்கு அடியில் வெள்ளி இருக்கிறது. வெள்ளிக்குப் பதில் செம்பு இருந்தாலும் கண்ணுக்கு மினுக்கம் ஒன்றே. பூச்சு நல்லதையும் மறைக்கும். கைலாசநாதர் கோயிலில் சுண்ணாம்புக்கு அடியில் கிடந்த பல்லவர் ஓவியங்களை 1931இல் ழூவோ துப்ராய் கண்டறிய வேண்டியிருந்தது.

ஆகவே நாம் வேண்டுவது எளியது. பூசுமுன் தகட்டைப் படமெடுத்து, பட்டறை ரசீதோடு வாங்குபவரிடம் கொடுக்கவேண்டும். நிறம் மாறினால் பதிவுச் சான்றிலும் மாற்றவேண்டும். இவற்றுக்கு மனமில்லாதவர் வண்டியைக் கழுவி, துருவைக் காட்டி, விலையைக் குறைத்து விற்கட்டும். பழமை இழிவன்று, அதை ஒளிப்பதே இழிவு.