மட்டக்களப்பு உடன்படிக்கையில் காணாமல் போன இரண்டு சொற்கள்



புளியந்தீவுக் கோட்டையைத் தெரியாதவர் நம் பகுதியில் இல்லை. நீண்ட காலம் கச்சேரி அதற்குள்தான் இயங்கியது. காணி அலுவலுக்கோ பென்ஷன் அலுவலுக்கோ அந்த வாசலைத் தாண்டாத குடும்பம் குறைவு. 'ஒல்லாந்தர் கோட்டை' என்று சொல்கிறோம். ஆனால் 1628இல் அதைக் கட்டத் தொடங்கியவர்கள் போர்த்துக்கேயர். 1638இல் ஒல்லாந்தர் பிடித்தார்கள். பரீட்சையில் இது ஒரு புள்ளிக்கான கேள்வி. ஊர் என்ற வகையில் நாம் இதை ஒரு புள்ளியோடு விட்டுவிடக் கூடாது என்பதற்காகவே இந்தப் பதிவு. கொஞ்சம் நீளம்தான், பொறுமையாக வாசியுங்கள்.

1626இல் போர்த்துக்கேயர் தங்கள் ஆட்சிக்குட்பட்ட இடங்களில் இருந்து முஸ்லிம்களை வெளியேற்றினார்கள். கண்டி மன்னன் செனரத் அவர்களுக்கு இடம் கொடுத்தான். சுமார் 4000 பேர் மட்டக்களப்புப் பகுதியில் குடியமர்த்தப்பட்டதாகப் போர்த்துக்கேயப் பாதிரியார் குவைறோஸ் எழுதி வைத்திருக்கிறார். அதற்கு முன்பே இங்கே முஸ்லிம்கள் இருந்தார்கள் என்பது வேறு விடயம். விரட்டப்பட்டு வந்தவர்களுக்கு இந்த வாவிக் கரை இடம் கொடுத்தது. இரண்டே வருடத்தில் போர்த்துக்கேயர் இங்கும் வந்து கோட்டை கட்டத் தொடங்கினார்கள்.

செனரத்தின் மகன் இரண்டாம் இராஜசிங்கனிடம் தரைப்படை இருந்தது. 1638 மார்ச்சில் கன்னொருவவில் போர்த்துக்கேயப் படையை அவன் தோற்கடித்தான். ஆனால் கடற்படை இல்லை. கரையோரக் கோட்டைகளைக் கடல் வழியாக அடைக்க அவனால் முடியாது. அதனால் ஒல்லாந்தரை அழைத்தான். வெஸ்டர்வோல்ட் என்ற தளபதி கப்பல்களோடு வந்தான். மே 18இல் நம் கோட்டை வீழ்ந்தது. ஐந்து நாள் கழித்து, மே 23ஆம் திகதி, மட்டக்களப்பில் வைத்தே உடன்படிக்கை எழுதப்பட்டது. இலங்கையின் தலைவிதியை மாற்றிய கையெழுத்து நம் ஊரில் போடப்பட்டது.

அதில் ஒரு சரத்து, பிடிக்கும் கோட்டைகளில் யார் படை நிறுத்துவது என்பது பற்றியது. ஒல்லாந்தர் படை நிறுத்தலாம், 'மன்னர் விரும்பினால்'. மன்னனிடம் இருந்த போர்த்துக்கேய மொழிப் பிரதியில் இந்த இரண்டு சொற்களின் கருத்து இருந்தது. ஒல்லாந்த மொழிப் பிரதியில் அது இல்லை. போர்ச் செலவை மன்னன் கொடுக்க வேண்டும் என்றும் எழுதியிருந்தது. 1640இல் காலியையும் நீர்கொழும்பையும் பிடித்த ஒல்லாந்தர், கடன் தீரவில்லை என்று சொல்லித் தங்களிடமே வைத்துக்கொண்டார்கள். 1656இல் கொழும்பு வீழ்ந்தபோது, உள்ளே போனவர்கள் ஒல்லாந்தர் மட்டும்தான். கூடப் போரிட்ட மன்னனின் ஆட்களுக்கு வாசல் மூடப்பட்டது. இஞ்சியைக் கொடுத்து மிளகாய் வாங்கியது போல என்று சிங்களச் சகோதரர்கள் இன்றைக்கும் சொல்வது இந்தக் கதையைத்தான்.

இது நமக்கு மட்டும் நடந்ததல்ல. பிலிப்பைன்ஸ் மக்கள் 1896இல் ஸ்பெயினுக்கு எதிராக எழுந்தார்கள். 1898இல் அவர்களுடைய தலைவர் எமிலியோ அகினால்டோ ஹொங்கொங்கில் இருந்து அமெரிக்கக் கப்பலில் ஊர் திரும்பினார். ஜூன் 12இல் சுதந்திரம் பிரகடனமானது. ஓகஸ்ட் 13இல் மணிலா வீழ்ந்தது. நகரைச் சுற்றி வளைத்திருந்த பிலிப்பைன்ஸ் போராளிகளைக் கோட்டைக்குள் விடாமல் அமெரிக்கர்கள் தடுத்தார்கள். கொழும்பில் மூடிய அதே வாசல்! அந்த டிசம்பரிலேயே பாரிஸ் ஒப்பந்தத்தில் 2 கோடி டொலருக்கு அந்த நாடு கைமாறியது. விற்றவனும் வாங்கியவனும் மேசையில் இருந்தார்கள். நாட்டுக்காரனுக்கு அங்கே கதிரை இல்லை. அவர்களுக்கு உண்மையான சுதந்திரம் கிடைத்தது 1946இல்தான்.

அந்த நாட்டின் தெற்கில் முஸ்லிம்கள் வாழ்கிறார்கள். ஸ்பானியர் அவர்களுக்கு வைத்த பெயர் 'மோரோ'. போர்த்துக்கேயர் நம்மை அழைத்த பெயரும் அதுதான். அந்தப் பெயர்தான் இன்று நம் ஆங்கிலப் பிறப்புச் சான்றிதழில் 'மூர்' என்று இருக்கிறது. வடக்கில் போர் நடக்கும்போது தெற்கு அமைதியாக இருக்க வேண்டும் என்பதற்காக 1899இல் அமெரிக்கத் தளபதி பேட்ஸ், சூலு சுல்தானோடு ஓர் ஒப்பந்தம் செய்தார். ஆங்கிலப் பிரதியில் அமெரிக்காவின் 'இறைமை' என்று இருந்தது. சுல்தானின் மொழிப் பிரதியில் 'ஆதரவும் பாதுகாப்பும்' என்று இருந்தது. வடக்கு அடங்கிய பின் 1904இல் அமெரிக்கா அந்த ஒப்பந்தத்தைத் தூக்கி எறிந்தது. 1906இல் புட் டாஜோ மலையில் நூற்றுக்கணக்கான முஸ்லிம்கள், பெண்களும் பிள்ளைகளும் உட்பட, கொல்லப்பட்டார்கள். முதலில் ஒருவனைச் சும்மா இருக்க வைத்து மற்றவனை அடிப்பது, பிறகு சும்மா இருந்தவனை அடிப்பது. ஆள்பவர்களின் பழைய கணக்கு இது.

நம் பக்கத்திலும் இந்தக் கணக்கு போடப்பட்டது. நம் முன்னோர் உப்பும் கருவாடும் மாட்டுத் தவளத்தில் ஏற்றிக்கொண்டு போய் வியாபாரம் செய்த வெல்லஸ்ஸவில், 1817இல் பிரித்தானியர் அங்கிருந்த முஸ்லிம்களைத் திசாவையின் அதிகாரத்தில் இருந்து பிரித்து, ஹாஜி முகாந்திரம் என்பவரைத் தனியாக நியமித்தார்கள். பார்வைக்கு அது நமக்குக் கிடைத்த மரியாதை. நடந்தது என்ன? அயலவர்களின் ஆத்திரம் வளர்ந்தது. கிளர்ச்சி வெடித்தபோது அவர் பிடிக்கப்பட்டுக் கொல்லப்பட்டார். கிளர்ச்சியை அடக்கும்போது பிரித்தானியர் வயலையும் வீட்டையும் எரித்தார்கள்.

இதையெல்லாம் இப்போது ஏன் சொல்கிறோம்? இந்த வாவியைச் சுற்றித் தமிழ் ஊரும் முஸ்லிம் ஊரும் மாறி மாறித்தான் இருக்கின்றன. எல்லைப் பிரச்சினை, காணிப் பிரச்சினை, மேய்ச்சல் தரைப் பிரச்சினை எல்லாம் உண்மையானவை. அவற்றை மூடி மறைக்கச் சொல்லவில்லை. 1985இலும் 1990இலும் பட்ட காயங்கள் இரு பக்கத்திலும் ஆறவில்லை. ஆனால் ஒரு பிரச்சினை வந்தவுடன் நாம் இரு தரப்பும் செய்வது என்ன? பக்கத்து ஊரோடு பேசும் முன்பே கொழும்பில் ஒரு பெரிய ஆளைத் தேடி ஓடுகிறோம். அவர் வருகிறார், வாக்குறுதி தருகிறார், வாக்கையும் வாங்கிக்கொண்டு போகிறார். பிரச்சினை அப்படியே இருக்கிறது. அயலவனின் மனம் மட்டும் இன்னும் கொஞ்சம் கசந்துவிடுகிறது.

சிறிய சமூகம் உதவி கேட்காமல் எப்படி வாழ்வது என்று சிலர் கேட்பீர்கள். நியாயமான கேள்வி. இராஜசிங்கனுக்கும் வேறு வழி இருக்கவில்லை. உதவி கேட்பது தவறில்லை. ஆனால் அயலவனோடு பேசாமல் அவனுக்கு எதிராக உதவி கேட்கக் கூடாது. நம் பெயரில் எழுதப்படுவதை நம் மொழியில் வாசிக்காமல் தலையாட்டவும் கூடாது.

அதனால் ஒரு வேண்டுகோள். பள்ளிவாசல் நிர்வாகங்களும் ஆலய பரிபாலன சபைகளும் பிரச்சினை இல்லாத காலத்திலேயே சேர்ந்து உட்கார வேண்டும். சண்டை வந்த பிறகு கூடும் கூட்டத்தில் சமாதானம் பேச முடியாது, கணக்குத் தீர்க்கத்தான் முடியும். ஆசிரியர்களாகிய நாங்களும் இரு சமூகப் பிள்ளைகளையும் ஒன்றாக அந்தக் கோட்டைக்கு அழைத்துச் சென்று, 1638இன் சரத்துகளை வாசித்துக் காட்ட வேண்டும். விடுபட்ட அந்த இரண்டு சொற்களை அவர்களே கண்டுபிடிக்கட்டும்.

மாற்றுக் கருத்து இருந்தால் தாராளமாக எழுதுங்கள். தமிழ்ச் சகோதரர்களின் கருத்தையும் எதிர்பார்க்கிறோம்.