ஆழாக்கும் பலமும் ஒரு பி.காமும்

பி.காம். படித்தவர்களுக்கு ஒரு வியாதி உண்டு. எதைக் கையில் எடுத்தாலும் முதல் வரியிலிருந்து கடைசி வரி வரை டிக் அடித்து, அடியில் இரட்டைக் கோடு போட்டால்தான் ராத்திரி தூக்கம் வரும். மளிகை லிஸ்ட், கல்யாண மொய் நோட்டு, லாண்டரிக் கணக்கு எல்லாவற்றுக்கும் இதே கதிதான். போன ஆவணியில் எனக்கு இந்த வியாதி ஒரு சமையல் புத்தகத்தின் மேல் வந்துவிட்டது.

புத்தகம், எஸ். மீனாக்ஷி அம்மாளின் 'சமைத்துப் பார்'. 1951-ல் வெளிவந்தது. சமையல் குறிப்பு கேட்டு வந்துகொண்டே இருந்த உறவுக்காரப் பெண்களுக்குச் சொல்லி மாளாமல், மாமா கே.வி. கிருஷ்ணசாமி ஐயர் சொன்னதன் பேரில் அந்த அம்மாள் எழுதியது. அதற்கப்புறம் எத்தனையோ கல்யாணப் பெண்களின் பெட்டியில் பட்டுப் புடவைக்கு அடியில் இதுவும் பயணம் போயிருக்கிறது, அமெரிக்கா வரைக்கும்.

தலைப்பைக் கவனியுங்கள். 'வீட்டைக் கட்டிப் பார், கல்யாணத்தைப் பண்ணிப் பார்' என்று பெரியவர்கள் மிரட்டுவார்களே, அந்தப் 'பார்' இது. தைரியம் இருந்தால் வா என்கிற மாதிரி. நான் போனேன்.

போனதற்குக் காரணம் வீரம் இல்லை. மனைவியின் ஆபீஸில் அவளை மத்தியான ஷிஃப்டுக்கு மாற்றிவிட்டார்கள். பகல் பன்னிரண்டுக்குக் கிளம்பினால் வீட்டுக்கு வர ராத்திரி ஒன்பதரை. நானோ வீட்டிலிருந்து பத்திரிகைகளுக்கு எழுதிக்கொண்டு லுங்கியில் உட்கார்ந்திருக்கிற ஜாதி. கரண்டி கைமாற வேண்டியது நியாயம்தானே? "ஏங்க, தினமும் தக்காளி ரசம், உருளைக்கிழங்கு மட்டும் வேணாம்" என்று ஒரே ஒரு கண்டிஷன் போட்டுவிட்டு அவள் பஸ் ஏறினாள். அலமாரியில் தேடியபோது இந்தப் புத்தகம் கிடைத்தது. பழைய பதிப்பு. மஞ்சள்தூள் வாசனை.

இந்த மாதிரி 'ஒன்று விடாமல் சமைப்பது' என் கண்டுபிடிப்பு இல்லை. நியூயார்க்கில் ஜூலி பவல் என்று ஒரு பெண் இருந்தார். அரசாங்க ஆபீஸில் செக்ரட்டரி உத்தியோகம், முப்பது வயசு நெருங்குகிற கவலை, சின்ன ஃபிளாட், சின்ன கிச்சன். ஜூலியா சைல்டும் இன்னும் இரண்டு பெண்களும் சேர்ந்து 1961-ல் போட்ட பிரெஞ்சு சமையல் புத்தகத்தை எடுத்து, 365 நாளில் 524 அயிட்டங்களையும் செய்கிறேன் என்று 2002-ல் சபதம் போட்டார். உயிரோடு இருக்கும் சிங்கி இறாலைக் கொன்றார். கன்றுக்குட்டிக் காலைக் கொதிக்க வைத்து ஜெல்லி எடுத்தார். சபதம் நிறைவேறி 2005-ல் புத்தகமாகி, 2009-ல் மெரில் ஸ்ட்ரீப் நடித்து சினிமாவும் ஆயிற்று. ஜூலியா சைல்டுக்கு இந்தக் கூத்து அவ்வளவாக ரசிக்கவில்லை என்று அவருடைய பதிப்பாசிரியர் பின்னாளில் சொன்னார். ஜூலி பவல் 2022-ல் தன் நாற்பத்தொன்பதாவது வயசில் காலமானார். பாவம், அந்தக் கைக்கு இன்னும் எத்தனையோ புத்தகம் காத்திருந்திருக்கும்.

நம்ம கதைக்கு வருவோம். முதல் தகராறு அளவில். நான் வைத்திருக்கும் பதிப்பில் கிராமும் கிடையாது, லிட்டரும் கிடையாது. நம் நாட்டில் கிலோ எடைக்கற்கள் புழக்கத்துக்கு வர ஆரம்பித்ததே 1958-ல்தான். அதனால் எல்லாம் ஆழாக்கு, பலம், ரூபாய் எடை. நேரே கடைக்குப் போனேன்.

"அண்ணாச்சி, ரெண்டு பலம் துவரம்பருப்பு குடுங்க."

"பழம் வேணும்னா எதிர்த்த கடை சார்."

"பழம் இல்ல அண்ணாச்சி, பலம்!"

"பலம் வேணும்னா ஜிம்முக்குப் போங்க" என்றான் பொட்டலம் கட்டுகிற பையன். நல்லவேளையாக, கல்லா ஓரத்தில் ஸ்டூல் போட்டு உட்கார்ந்திருந்த அண்ணாச்சியின் அப்பா, எண்பது வயசுக்கு மேல் இருக்கும், கண்ணைத் திறந்தார். "எட்டு பலம் ஒரு சேர். நாப்பது பலம் ஒரு வீசை. வீசைங்கிறது ஒண்ணே கால் கிலோவுக்கு மேல, ஒண்ணரைக்குக் கீழ" என்றார். மறுபடி கண்ணை மூடிக்கொண்டார். கால்குலேட்டரில் போட்டுப் பார்த்தேன். ஒரு பலம் சுமார் 35 கிராம், நாற்பதால் பெருக்கினால் 1,400. பெரியவர் டாலி!

ஆழாக்கு சுமார் 168 மில்லி. எட்டு ஆழாக்கு ஒரு படி. ரூபாய் எடை என்பது வெள்ளைக்காரன் காலத்து வெள்ளி ரூபாயின் எடை, ஒரு தோலா, 11.66 கிராம். 2011-க்கு அப்புறம் வந்த ஒரு ரூபாய் நாணயத்தைத் தராசில் போட்டுப் பாருங்கள், நாலு கிராம்கூடத் தேறாது. ரூபாயின் மதிப்பு இறங்கிவிட்டது என்று காலேஜில் மூன்று வருஷம் பாடம் எடுத்தார்கள். இவ்வளவு சுலபமாக யாரும் நிரூபித்துக் காட்டவில்லை.

இதாவது பரவாயில்லை. நம் சமையலில் தோட்டக்கலைத் துறை அளவு என்று ஒன்று இருக்கிறது. பெருங்காயம் சுண்டைக்காய் அளவு, வெல்லம் கொட்டைப்பாக்கு அளவு, புளி நெல்லிக்காய் அளவு, குழம்பு என்றால் எலுமிச்சம்பழ அளவு. எந்த எலுமிச்சம்பழம் ஸார்? எங்கள் வீட்டில் நான் உருட்டிய எலுமிச்சம்பழ அளவுப் புளி 32 கிராம் நின்றது. மாமியார் வந்திருந்தபோது அவர் கையால் உருட்டச் சொல்லி நிறுத்தேன். 21 கிராம். "மாப்பிள்ளை, என்ன பண்றீங்க?" என்று அவர் கவலையோடு கேட்டார். நோட்டில் '1 எ.ப. = 21 கிராம் (மாமியார் ஸ்டாண்டர்ட்)' என்று பதிவு செய்திருக்கிறேன்.

இன்னொன்றும் தெரிந்தது. காய் வெந்த பிறகு புளியை விடு என்றால், அது சாஸ்திரம் இல்லை, ரசாயனம். புளிப்பு ஏறிவிட்டால் காயும் பருப்பும் லேசில் மசியாது, கொதித்துக்கொண்டே இருக்கவேண்டியதுதான். இந்தியாவில் பிரஷர் குக்கர் தயாராக ஆரம்பித்தது 1959-ல். புத்தகம் அதற்கு எட்டு வருஷம் மூத்தது. விறகுக்கும் கரிக்கும் கணக்குப் பார்த்த காலத்தில் எது முன்னால், எது பின்னால் என்கிற வரிசைக்குக் காசு இருந்தது.

வரிசையைப் பற்றி இன்னொரு எச்சரிக்கை. சமையல் புத்தகத்தை முதல் பக்கத்திலிருந்து வரிசையாகச் செய்யவே கூடாது. சாம்பார் என்றால் சாம்பாராகவே வரும், கூட்டு என்றால் கூட்டாகவே வரும். ஆல்ஃப்ரெட் மார்ஷலின் குறைந்து செல் பயன்பாட்டு விதியை ஞாபகம் இருக்கிறதா? பரீட்சையில் எல்லாரும் ஆப்பிளை வைத்து எழுதுவோம். கூட்டை வைத்து எழுதியிருக்க வேண்டும். திங்கட்கிழமைக் கூட்டுக்கு "சூப்பர்ப்பா" என்ற என் பையன், வியாழக்கிழமைக் கூட்டைப் பார்த்துவிட்டு "பிரெட் இருக்கா?" என்றான். அப்புறம்தான் நோட்டில் நாலு காலம் போட்டேன். குழம்பில் ஒன்று, ரசத்தில் ஒன்று, கறியில் ஒன்று, பச்சடியில் ஒன்று.

அந்தக் 'கறி'யால் ஒரு ஞாயிற்றுக்கிழமை எங்கள் வீட்டில் சட்டம் ஒழுங்கு கெட்டது. ஐயர் வீட்டுப் பாஷையில் கறி என்றால் பொரியல். எங்கள் வீட்டுப் பாஷையில் கறி என்றால் ஆடு. "இன்னிக்கு வாழைக்காய் கறிடா" என்றேன். பையன் காதில் பின்பாதி மட்டும் விழுந்து, மாடிவீட்டுப் பையனையும் சாப்பிடக் கூட்டி வந்துவிட்டான். இரண்டு பேரும் தட்டைப் பார்த்தார்கள். என்னைப் பார்த்தார்கள். வருங்கால வாக்காளர்களை அப்படி ஏமாற்றக்கூடாது.

இப்போது ஒரு சின்னக் கணக்கு. 365 நாளில் 524 என்றால் நாளொன்றுக்குச் சராசரி 1.44 அயிட்டம். சினிமாவே எடுத்துவிட்டார்கள். நம் வீடுகளில் சாதாரண நாளில் என்ன? ஒரு குழம்பு, ஒரு ரசம், ஒரு பொரியல், ஒரு கூட்டு. டிபனைக் கணக்கில் சேர்க்கவில்லை. நாலு. 524-ஐ நாலால் வகுத்தால் 131. அதாவது நம்மூர்ப் பெண்மணி எவரும் அந்தப் பந்தயத்தை நாலரை மாசத்தில் முடித்துவிட்டு, பாத்திரத்தையும் தேய்த்துக் கவிழ்த்துவிட்டு, "நாளைக்கு என்ன பண்றது?" என்று கேட்டுக்கொண்டு நிற்பார்.

ஆனால் ஆம்பளை கரண்டி பிடித்தால் கதையே வேறு. நான் கத்திரிக்காய் ரசவாங்கி வைத்த அன்றைக்கு, ஊரிலிருந்து வந்திருந்த அம்மா எல்லா ஊருக்கும் போன் போட்டாள். "எம் புள்ள என்னமோ வாங்கி பண்றான்டி! கடவுளே, என்ன ருசி!" பக்கத்து வீட்டு மாமி, தன் பிள்ளையைக் கூட்டிவந்து அடுப்பைக் காட்டி, "பாரு, அண்ணனைப் பாத்துக் கத்துக்கோ" என்றார். பழைய ஆபீஸ் நண்பன் ஒருத்தன் இரண்டு தட்டு தயிர் வடையை முடித்துவிட்டு, "மச்சி, உன் வொய்ஃப் குடுத்து வச்சவங்கடா" என்று தழுதழுத்தான். பதினோரு வருஷமாக அதே வீட்டில் அதே அடுப்பில் ஒருத்தி சமைத்தாள். அவளுக்கு யாரும் இந்த மாதிரி பொன்னாடை போர்த்தினதாக ரெக்கார்டு இல்லை. ராத்திரி ஒன்பதரைக்கு வந்து, தட்டைப் போட்டு, "நல்லா இருக்கு. நல்லெண்ணெய்லயா தாளிச்சீங்க?" என்று மட்டும் கேட்பாள் அவள்.

மாசி வாக்கில்தான் அந்தப் புள்ளிகளை உற்றுப் பார்த்தேன். ஒவ்வொரு அயிட்டத்தின் தலைப்புக்கும் இடது பக்கம் பென்சிலில் கடுகளவு ஒரு புள்ளி. கொசு செய்த வேலை என்றுதான் விட்டிருந்தேன். கொசு இவ்வளவு நேர்கோட்டில் உட்காராதே! பாயசப் பக்கத்துக்கு வந்ததும் புள்ளிக்குப் பக்கத்தில் பொடி எழுத்து. 'மாமாவுக்கு சர்க்கரை போடுமுன் தனியாக எடுக்கவும்.' மாமா என்பது என் அப்பா. அவர் போய் ஏழு வருஷம் ஆகிறது. முன்னால் புரட்டினேன். ஒரு குழம்புக்குப் பக்கத்தில் 'உப்பு பாதி, மாமாவுக்கு பி.பி.' இன்னொன்றில் 'மிச்சமே இல்லை!' ஒரு பச்சடிக்குப் பக்கத்தில் 'இவர் சாப்பிடலை.' 'இவர்' யார் என்று தனியாகச் சொல்ல வேண்டாம்.

ஆடிட் நடக்கப் போன இடத்தில், கணக்கு ஏற்கெனவே ஆடிட் ஆகி டிக் அடித்து வைத்திருந்தால் எப்படி இருக்கும்?

ராத்திரி சாப்பிடும்போது புத்தகத்தை அவள் முன்னால் வைத்தேன்.

"இதுவா? கல்யாணமான புதுசு. எனக்கு வெந்நீர் வைக்கவே தெரியாதுல்ல? அம்மா இதைக் குடுத்தாங்க. வரிசையா பண்ணிப் பாத்தேன். ரெண்டு வருஷம் ஆச்சு."

"அப்ப வேலைக்கு வேற போயிட்டிருந்தியே!"

"ஆறே முக்கால் பஸ்."

"சொல்லவே இல்லையே?"

"என்னன்னு சொல்றது? அதான் தினமும் சாப்பாடு போட்டேனே" என்றாள், ரசத்தைக் கையில் வாங்கிக்கொண்டே. குரலில் கோபம் இருந்தால்கூட எனக்குப் பதில் பேச வசதியாக இருந்திருக்கும். இல்லை.

மறுநாள் உட்கார்ந்து புத்தகம் பூராவும் புள்ளிகளை எண்ணினேன். புள்ளி இல்லாதவை பதினொன்று. எல்லாம் வெயிலும் சீசனும் கேட்கிற சமாசாரங்கள். ஜவ்வரிசி வடாம், அரிசி வடாம், மோர் மிளகாய், மாவடு இப்படி. அப்போது இருந்த வாடகை வீட்டில் மொட்டை மாடியைப் பூட்டி, சாவியை இடுப்பில் சொருகி வைத்திருப்பார் ஹவுஸ் ஓனர். துணி காயப்போடவே சண்டை. வடாம் எங்கே பிழிவது? பாக்கி நின்றுவிட்டது. பாக்கி என்றால் பி.காமுக்குக் கை சும்மா இருக்குமா?

என் நாலு காலம் நோட்டை மூடி வைத்துவிட்டேன். இப்போது திட்டம் பதினொன்று மட்டும். மாவடு பங்குனி ஆரம்பத்திலேயே மார்க்கெட்டுக்கு வந்துவிட்டது. காம்போடு பொறுக்கி, விளக்கெண்ணெய் தடவி, கல்லுப்பு போட்டு ஜாடியில் இருக்கிறது. தினமும் ஒரு தடவை குலுக்குவது என் டிபார்ட்மெண்ட். உப்பு எவ்வளவு என்பது அவள் டிபார்ட்மெண்ட். எடை மெஷினை நான் எடுத்துவந்தபோது, "அதை உள்ள வைங்க" என்று உத்தரவு.

வர்ற ஞாயிறு அவளுக்கு வீக்லி ஆஃப். அரிசி வடாம். விடியற்காலை நாலரைக்குக் கூழ் கிளற வேண்டும். வெயில் ஏறுமுன் பிழிந்து முடித்தால்தான் சாயங்காலத்துக்குள் ஒரு பக்கமாவது காயும். அம்மாவின் பழைய வேட்டி ஸ்டாக்கில் ஒன்று துவைத்து ரெடி. காக்காய்க்குக் கறுப்புக் குடை ஒன்றை விரித்து நடுவில் வைத்தால் போதும் என்கிறார் பக்கத்து வீட்டு மாமி. எதற்கும் இருக்கட்டும் என்று பையனிடம் மணிக்குப் பத்து ரூபாய் பேசியிருக்கிறேன். அவன் இருபது கேட்கிறான், மதியம் கறி வேண்டும் என்கிறான். வாழைக்காய் இல்லையாம், அதையும் எழுதித் தரச் சொல்கிறான்.