கட்டிலை எந்தப் பக்கம் போடுவது?



கடந்த மாரிமழை காலத்தில் வேலணைப் பக்கம் ஒரு வீட்டுக்குப் போயிருந்தேன். பெண்தலைமைத்துவக் குடும்பங்களின் விபரம் எடுப்பதுதான் அன்றைய வேலை. அந்த வீட்டு அக்காவுக்கு ஐம்பது வயது இருக்கும். படிவத்தை நிரப்பி முடித்து எழும்பப் போனபோது அவர் மெதுவாகக் கேட்டார்: "பிள்ளை, நீ படிச்சனி. ஒண்டு கேக்கட்டே? கட்டிலை எந்தப் பக்கம் போடுறது?"

நான் சிரித்துவிட்டேன். அவர் சிரிக்கவில்லை. அப்போதுதான் இது சின்ன விடயம் இல்லை என்று எனக்கு விளங்கியது. திரும்பவும் இருந்துகொண்டேன்.

மகளுக்குச் சம்பந்தம் சரிவராமல் இருக்கிறதென்று யாரோ சொல்லி, வாஸ்து பார்க்கிற ஒருவரைக் கூட்டி வந்திருக்கிறார்கள். அவர் வீட்டைச் சுற்றிப் பார்த்துவிட்டு, அறைக்கதவு கட்டிலின் கால்மாட்டுக்கு நேரே இருக்கிறது, அது பிழை என்றாராம். கட்டிலைத் திருப்பினால் தலை வடக்கே போய்விடும், அது இன்னும் பெரிய பிழையாம். ஆகவே கதவை அடைத்துவிட்டு மற்றச் சுவரை உடைத்துப் புதுக்கதவு வைக்கவேண்டுமாம். மேசன் கணக்குப் பார்த்து 90,000 ரூபாய் சொல்லியிருந்தார். அக்காவின் கையில் இருந்தது மகளுக்கென்று வைத்திருந்த ஒரு சோடி காப்பு மட்டும்தான். அதை அடைவு வைக்க நாள் பார்த்துக்கொண்டிருந்தார்.

விறாந்தையில் இருந்த மாமியார் இவ்வளவையும் கேட்டுக்கொண்டிருந்து ஒரே ஒரு வசனம் சொன்னார்: "வடக்கை தலை வைச்சுப் படுக்காதை எண்டு அப்பவே சொன்னனான். கேட்டிருந்தா என்ரை பிள்ளை இருந்திருப்பான்."

அக்காவின் கணவர் 2007ஆம் ஆண்டு தை மாதம் ஒரு இரவில் வீட்டிலிருந்து கூட்டிச் செல்லப்பட்டவர். இன்றுவரை தகவல் இல்லை. அந்த நாட்களில் அவர்கள் படுத்த கட்டிலின் தலைமாடு வடக்குப் பக்கம் இருந்ததாம். இத்தனை வருடமாக அந்தப் பழியை அக்கா சுமந்துகொண்டிருக்கிறார். மாமியார் உள்ளே போனதும் என்னைப் பார்த்துக் கேட்டார்: "அதாலைதானோ பிள்ளை?"

இந்த மாதம் இதைப் பற்றி எழுத வேண்டும் என்று நான் நினைத்ததற்கு அந்தக் கேள்விதான் காரணம்.

நம்பிக்கை எங்கிருந்து வந்தது?

கிழக்கே தலை வைப்பது உத்தமம், தெற்கே வைத்தால் ஆயுள், மேற்கு நடுத்தரம், வடக்கு ஆகாது என்பது எமது ஊர்களில் காலங்காலமாகச் சொல்லப்பட்டு வருவது. என் அம்மம்மாவும் சொல்வார். காரணம் கேட்டால் பிள்ளையாரின் கதையைச் சொல்வார். வடக்கே தலைவைத்துப் படுத்திருந்த யானையின் தலையைத்தான் வெட்டி வந்து பொருத்தினார்களாம். சைவ வீடுகளில் மட்டும் இது இருக்கிறதென்று நினைக்காதீர்கள். ஊர்காவற்றுறையில் கத்தோலிக்க வீடுகளிலும் இதே சொல்லைக் கேட்டிருக்கிறேன்.

இப்போது இதற்கு விஞ்ஞான விளக்கம் ஒன்றும் சொல்லப்படுகிறது. பூமி ஒரு காந்தம், எமது இரத்தத்தில் இரும்பு இருக்கிறது, வடக்கே தலைவைத்தால் இரத்தம் தலைக்கு இழுபடும் என்கிறார்கள். இரத்தத்தில் இரும்புச்சத்து இருப்பது உண்மைதான். ஆனால் அது ஆணியில் இருக்கும் இரும்பைப் போல் காந்தத்தில் ஒட்டுவதில்லை. பெரிய ஆஸ்பத்திரிகளில் எம்.ஆர்.ஐ. ஸ்கேன் எடுக்கும் இயந்திரத்தின் காந்தம், பூமியின் காந்தத்தைவிட முப்பதினாயிரம் மடங்குக்கும் மேல் வலிமையானது. அதற்குள் நோயாளிகள் அரைமணி நேரம், அதற்கு மேலும் படுத்திருந்துவிட்டு எழும்பி வருகிறார்கள். யாருடைய இரத்தமும் ஒரு பக்கம் இழுபட்டதில்லை. பூமியின் மெல்லிய காந்தம் எமது கட்டிலில் என்ன செய்துவிடப் போகிறது?

மற்றவர்கள் என்ன சொல்கிறார்கள்?

சீன மக்களிடம் பெங்சூயி என்ற முறை உண்டு. காற்று, நீர் என்பதே அந்தச் சொல்லின் பொருள். அவர்களுடைய நாட்டில் குளிர்காற்று வடக்கிலிருந்து வருகிறது. ஆகவே வீட்டின் முதுகை வடக்குக்குக் கொடுத்து, முகத்தைத் தெற்கு வெயிலுக்குத் திருப்பிக் கட்டினார்கள். அந்தக் குளிருக்கு அது புத்தியான வேலை. கட்டிலைப் பற்றியும் அவர்களுக்கு விதிகள் உண்டு. பிரேதத்தைக் கால் முன்னே வரத் தூக்கிச் செல்வதால், வாசலுக்கு நேரே கால் நீட்டிப் படுக்கக்கூடாது என்பார்கள். வேலணைக்கு வந்த வாஸ்துக்காரர் சொன்ன முதலாவது பிழை இதுதான். 

யப்பானிலும் வடக்கே தலைவைக்கத் தயங்குவார்கள். புத்தர் குசிநகரில் கடைசியாகப் படுத்தபோது வடக்கே தலைவைத்து வலப்பக்கமாகச் சரிந்திருந்தார். அங்கே பிரேதத்தை அப்படிக் கிடத்துவதால், உயிரோடு இருப்பவர்கள் அதைத் தவிர்க்கிறார்கள். முஸ்லிம் சகோதரிகள் வலப்பக்கம் சரிந்து படுப்பதைச் சிறப்பாகக் கருதுவார்கள்.

ஆக, ஒவ்வொரு சமூகமும் தனது காற்றையும் வெயிலையும் சமயத்தையும் மரணத்தையும் வைத்துத்தான் படுக்கைக்கு விதி செய்திருக்கிறது. எல்லாருக்கும் பொதுவான கெட்ட திசை என்று ஒன்று இல்லை.

ஏன் நாம் இதைப் பிடித்துக்கொள்கிறோம்?

பல்கலைக்கழகத்தில் சமூகவியல் படித்தபோது மலினோவ்ஸ்கி என்ற அறிஞரைப் பற்றிப் படித்தோம். அவர் முதலாம் உலக யுத்த காலத்தில் பசுபிக் கடலில் உள்ள துறோபிரியாண்ட் தீவுகளில் தங்கி ஆய்வு செய்தவர். அந்தத் தீவு மக்கள் ஆபத்தில்லாத பரவைக்கடலில் மீன்பிடிக்கும்போது எந்த மந்திரமும் செய்வதில்லை. ஆழ்கடலுக்குப் போகும்போது மட்டும் செய்கிறார்கள் என்று அவர் எழுதினார். எங்கே எமது கையில் ஒன்றும் இல்லையோ, அங்கேதான் மந்திரம் வருகிறது. இதைக் கடலோடு வாழும் எமது பெண்களுக்கு நான் விளக்கத் தேவையில்லை.

யுத்த காலத்தில் எமது கையில் எதுவுமே இருக்கவில்லை. 1990ஆம் ஆண்டு ஆகஸ்டில் படையினர் தீவகத்துக்கு வந்தபோது எனக்கு ஒரு வயது. அம்மா என்னைத் தூக்கிக்கொண்டு ஊர்காவற்றுறையை விட்டு வெளிக்கிட்டார். 1995ஆம் ஆண்டு ஒக்டோபர் 30 இரவு, முழு யாழ்ப்பாணமும் நாவற்குழிப் பாலத்தைக் கடந்து நடந்தபோது எனக்கு ஆறு வயது. தென்மராட்சியில் ஒரு பள்ளிக்கூட மண்டபத்தில் நாங்கள் படுத்தது இன்றும் நினைவிருக்கிறது. ஒருவருடைய தலைக்கு அருகில் இன்னொருவருடைய கால். திசை பார்த்துத்தான் படுப்பேன் என்ற என் அம்மம்மா, இடம் கிடைத்த பக்கம் தலையை வைத்து நித்திரையானார். அந்த மண்டபத்தில் நாலு திசையிலும் தலைவைத்தவர்கள் இருந்தார்கள். பின்னர் உயிரோடு மிஞ்சியவர்களும் இல்லாமற் போனவர்களும் நாலு திசையிலும் இருந்தார்கள்.

அதனால்தான் அந்த அக்காவிடம் கேட்டேன், "அந்தக் காலத்திலை கட்டிலை ஏன் வடக்கே திருப்பினீங்கள்?"

அவர் யோசித்துச் சொன்னார்: "கூரை ஒழுகினது பிள்ளை. தெற்குப் பக்கம் தலைமாட்டிலை சொட்டுச் சொட்டாய் ஊத்தினது. தகரம் வாங்க எங்கை கிடந்தது? பாதை பூட்டியெல்லே இருந்தது."

2006ஆம் ஆண்டு ஆகஸ்டில் ஏ-9 பாதை மூடப்பட்டது உங்களுக்கு நினைவிருக்கும். சீமெந்து, தகரம் எல்லாம் தட்டுப்பாடு. கார்த்திகை மழையில் கூரை ஒழுக, நனையாமல் படுக்க அவர்கள் கட்டிலைத் திருப்பினார்கள். கட்டிலைத் திருப்ப வைத்ததும் யுத்தம்தான். கணவரைக் கொண்டுபோனதும் யுத்தம்தான். ஆனால் பழி மட்டும் கட்டிலை இழுத்துப் போட்ட பெண்ணுக்கு வந்து சேர்ந்திருக்கிறது.

சகோதரிகளே, இதைக் கவனியுங்கள். அவரைக் கூட்டிச் சென்றவர்கள் நடந்து வந்து, கதவைத் தட்டி, பெயர் சொல்லிக் கூப்பிட்டவர்கள். அதற்குப் பதில் சொல்ல வேண்டியவர்கள் மனிதர்கள். திசையின் மேல் பழியைப் போட்டால் அந்த மனிதர்கள் தப்பிவிடுகிறார்கள், மனைவி குற்றவாளியாகிவிடுகிறாள். மாமியாரையும் நான் குறை சொல்லமாட்டேன். மகனைத் தேடி எத்தனையோ வாசல்களில் நின்று பதில் கிடைக்காத தாய் அவர். பதில் இல்லாத இடத்தில் அவருக்குக் கையில் அகப்பட்டது ஒரு கட்டில்.

உண்மையில் பார்க்கவேண்டியவை

கட்டில் போடும் இடம் முக்கியமில்லை என்று நான் சொல்லவரவில்லை. அது முக்கியம்தான்; காரணங்கள்தான் வேறு.

முதலாவது, முடிந்தவரை நிலத்தில் படுக்காதீர்கள். எமது பகுதியில் கட்டுவிரியன் பாம்பு இரவில் வீட்டுக்குள் வரும். நிலத்தில் பாய் போட்டுப் படுப்பவர்களையே அது பெரும்பாலும் தீண்டுகிறது. கடித்த இடத்தில் நோவோ வீக்கமோ பெரிதாக இருக்காது. விடியப்புறத்தில் வயிற்றுவலி வரும், கண்மடல் சோரும், பிறகு மூச்சு முட்டும். சந்தேகம் வந்தால் விடியும்வரை காத்திராமல் ஆஸ்பத்திரிக்குப் போகவேண்டும். கடல் கடந்து போகவேண்டிய நெடுந்தீவு, நயினாதீவு, அனலைதீவுச் சகோதரிகள் இதை இன்னும் கவனமாக மனதில் வையுங்கள். கட்டில் இல்லாவிட்டால் ஒரு வாங்கு போதும். நுளம்புவலையைக் கட்டி, ஓரங்களை மெத்தைக்கோ பாய்க்கோ கீழே செருகிவிட்டால் நுளம்பும் வராது, பாம்பும் வராது.

இரண்டாவது, ஈரச்சுவரைத் தவிர்த்துக் கட்டிலைப் போடுங்கள். வாடைக்காற்று மழையைக் கொண்டுவந்து அடிக்கும் வடக்கு, கிழக்குச் சுவர்கள் மாரியில் ஊறிப்போகும். முட்டு வருத்தம் உள்ள பிள்ளைகளுக்கு அது ஆகாது. சுவருக்கும் கட்டிலுக்கும் இடையில் ஒரு சாண் இடைவெளி விடுங்கள். சோழகம் வீசும் மாதங்களில் யன்னலால் காற்று வந்து மறுபக்கத்தால் போக வழி இருக்கட்டும்.

மூன்றாவது, தலைக்கு மேலே பாரமான றாக்கையோ உரப்பையில் கட்டிய சாமான்களோ வைக்காதீர்கள்.

நாலாவது, படுத்த இடத்திலிருந்து கதவு தெரியவேண்டும். பெங்சூயியிலும் இப்படி ஒரு விதி உண்டு. ஆனால் இரவில் கதவு தட்டப்பட்ட அனுபவம் உள்ள எமது பெண்களுக்குச் சீனத்துப் புத்தகம் தேவையில்லை. கதவு தெரியாத இடத்தில் படுத்தால் பலருக்கு இன்றும் நித்திரை வருவதில்லை. அது பைத்தியம் அல்ல, வெட்கப்பட வேண்டியதும் அல்ல. தாழ்ப்பாளைத் திருத்துங்கள், டோர்ச் லைற்றைத் தலைமாட்டில் வையுங்கள்.

கட்டிலை எங்கே போட்டும் நித்திரை வராவிட்டால், பயங்கரக் கனவுகள் வாரக்கணக்காகத் தொடர்ந்தால், கோளாறு கட்டிலில் இல்லை. நித்திரையின்மையும் கனவுகளும் யுத்தம் மனதில் விட்ட காயத்தின் அடையாளங்கள் என்று, யாழ்ப்பாணத்தில் நீண்டகாலம் பணியாற்றிய உளமருத்துவர் தயா சோமசுந்தரம் போன்றோர் எழுதியிருக்கிறார்கள். அதற்குச் சிகிச்சை உண்டு. ஆஸ்பத்திரியின் உளநலப் பிரிவுக்குப் போகலாம். 1926 என்ற தேசிய உளநல உதவி இலக்கத்துக்கும் அழைக்கலாம்.

பிறகு என்ன நடந்தது?

அன்று நானும் அக்காவும் மகளும் சேர்ந்து கட்டிலை இழுத்துப் பார்த்தோம். தெற்கே தலைவைத்தால் கால் கதவுக்கு நேரே. அது அக்காவுக்கு மனதுக்குச் சரியில்லை. வடக்கே வைத்தால் கதவு தலைக்குப் பின்னால். கிழக்குச் சுவர் மழையில் ஊறிக் கிடந்தது. கடைசியில் மேற்கே தலைமாடு வந்தது. கதவு இடப்பக்கம் நன்றாகத் தெரிந்தது. யன்னல் வெளிச்சம் முகத்துக்கு நேரே வந்தது.

"மேற்கு நடுத்தரமாம்," என்றேன்.

"நடுத்தரம் காணும் பிள்ளை," என்று அக்கா சிரித்தார். அன்று அவர் சிரித்ததை அப்போதுதான் பார்த்தேன்.

மாமியாரின் கட்டிலைக் கிழக்கே தலைமாடாகத்தான் போட்டிருக்கிறார்கள். அது அவருக்கு ஆறுதல், அதற்குச் செலவும் இல்லை. யாருக்கும் செலவும் பழியும் வைக்காத நம்பிக்கையோடு நான் சண்டைக்குப் போவதில்லை. சுவர் உடைபடவில்லை. காப்பு அடைவுக்குப் போகவில்லை. மகளின் சம்பந்தம் இன்னும் பொருந்தவில்லை. அதற்கு வேறு காரணங்கள் உண்டு, அதை இன்னொரு மாதம் எழுதுகிறேன்.

போன மாதம் அந்தப் பக்கம் போனபோது அக்கா படலை வரை வந்தார். "இப்ப நித்திரை வருகுது. எல்லா நாளும் இல்லை, ஆனா வருகுது," என்றார்.

உங்கள் வீட்டிலும் இப்படி ஒரு பழியைச் சுமக்கிற பெண் இருந்தால், இந்தப் பக்கத்தை அவருக்கு வாசித்துக் காட்டுங்கள். மாமியாரும் பக்கத்தில் இருந்தால் இன்னும் நல்லது.

அடுத்த மாதம் சந்திப்போம்.