வாயில்லா ஜீவனும் வாயுள்ள நாமும்

சென்ற கார்த்திகைத் தீபத்தின்போது எங்கள் தெருவில் மூன்று வீடுகளுக்கு முயல் வந்து சேர்ந்தது. பங்குனி முடிவதற்குள் மூன்றும் போய்விட்டன. ஒன்று செத்தது. ஒன்றை நாய் கவ்விக்கொண்டு போயிற்று. மூன்றாவதை அதன் எஜமானர், "புண்ணியமாய்ப் போகட்டும்" என்று சொல்லி, மலையடிவாரத்தில் விட்டுவிட்டு வந்தார். செத்தது என் வீட்டு முயல். ஆகவே இதைப் பற்றிப் பேச எனக்கு உரிமை இருக்கிறது. உரிமையைவிடக் குற்றம் அதிகம் இருக்கிறது.

எங்கள் வீட்டில் அதை யாரும் அடிக்கவில்லை, பட்டினி போடவில்லை. அன்பினாலேயே கொன்றோம். படப் புத்தகத்து முயல் காரட் தின்கிறதே என்று காரட் கொடுத்தோம். கூடவே பிஸ்கட்டும் கொடுத்தோம். வெள்ளிக்கிழமைதோறும் குளிப்பாட்டினோம். வந்தவர்களுக்கெல்லாம் காதைப் பிடித்துத் தூக்கிக் காட்டினோம். மொட்டை மாடியில் தகரக் கூரையின் கீழே கூண்டை வைத்தோம். ஒரு நாள் அது தீனியைத் தொடவில்லை. "கோவிச்சுக்கிட்டிருக்குப்பா" என்றாள் என் பெண். நானும் சிரித்தேன். மறுநாள் காலை விறைத்துக் கிடந்தது.

பிறகுதான் கால்நடை மருத்துவரிடம் போய் உட்கார்ந்தேன். கதையில் ஒரு தச்சனை வைத்தால்கூடத் தச்சு வேலையைப் பற்றி நாலு பேரை விசாரிக்கிறவன், வீட்டுக்குள் கொண்டுவந்த உயிரைப் பற்றி விசாரிக்கவில்லை!

முயலின் பல் ஆயுள் முழுவதும் வளர்ந்துகொண்டே இருக்கும். புல்லையும் காய்ந்த புல்லையும் ஓயாமல் மென்றால்தான் அது தேயும், குடலும் ஓடும். காரட் அதற்கு மிட்டாய் மாதிரி, எப்போதாவது ஒரு துண்டு. தன் மெல்லிய புழுக்கையைத் தானே தின்னும்; அது அசிங்கமல்ல, அதன் ஜீரணத்தில் பாதி வேலை அதுதான். வலியை வெளியே காட்டாது. காட்டினால் காட்டில் வேட்டையாடும் பிராணிக்கு இரையாகிவிடுமே! ஆகையால் ஒரு பொழுது தின்னாவிட்டால் அது கோபமல்ல, ஆபத்து. வியர்த்துக் குளிர அதனால் முடியாது. காது வழியேதான் பெரும்பாலும் உஷ்ணம் வெளியேற வேண்டும். முயல் ஆராய்ச்சிக்குப் பேர்போன நம் நிலையங்கள் கொடைக்கானல் பக்கத்து மன்னவனூரிலும், உதகமண்டலம் பக்கத்துச் சாண்டிநல்லாவிலும் இருப்பதைப் பாருங்கள். திருவண்ணாமலை வெயிலில் வளர்க்கவே முடியாது என்று சொல்லவில்லை. நிழலும் காற்றும் ஈரச் சாக்கும், இவற்றைக் கவனிக்க ஒரு மனிதரும் வேண்டும் என்கிறேன்.

மலையில் விட்டவரைக் கேட்டேன். "மலையிலே முயல் இல்லையா சார்? அதுகளோட சேர்ந்துக்கும்" என்றார். நம் தமிழ் செய்த கோளாறு இது. இரண்டு பிராணிகளுக்கு ஒரே பெயரை வைத்துவிட்டது. நம் காட்டு முயல் பிறக்கும்போதே ரோமத்தோடும் திறந்த கண்ணோடும் பிறக்கிறது. வீட்டு முயலின் மூதாதைகள் ஸ்பெயின் பக்கத்தவை. அதன் குட்டி வளைக்குள் கண் மூடி, ரோமமில்லாமல் பிறக்கிறது. இரண்டும் இனம் கலப்பதில்லை. கூண்டில் வளர்ந்த வெள்ளை முயலை இரவில் மலையில் விடுவது, தெரு நாய்க்கும் ஆந்தைக்கும் விளக்கேற்றி வைத்து இலை போடுவதாகும். இதற்குப் புண்ணியம் என்று பெயர் வைப்பானேன்? கொலையைக் கண்ணால் பார்க்க அஞ்சுகிற கோழைத்தனம் என்று சொல்லுங்கள்.

இதே ஊரில்தான் ரமணாசிரமம் இருக்கிறது. அங்கே லட்சுமி என்ற பசுவுக்குச் சமாதி உண்டு. ஒரு மானுக்கும் காகத்துக்கும் நாய்க்கும்கூட உண்டு. 1926-ல் வந்த லட்சுமி 1948 ஜூன் 18-ல் இறந்தபோது, ரமணர் பக்கத்தில் அமர்ந்து தடவிக் கொடுத்தார். பிராணிகளை அவர் 'அது' என்று சொல்வதில்லை. 'அவன்', 'அவள்' என்பார். கிரிவலம் போகிற நாம் அந்தச் சமாதிகளைப் பார்த்துக் கன்னத்தில் போட்டுக்கொள்கிறோம். இலக்கணத்தை மட்டும் கற்றுக்கொள்ளவில்லை. நம் வீட்டு முயல் முதல் மாதம் 'செல்லம்'. இரண்டாம் மாதம் 'அது'. மூன்றாம் மாதம் 'சனியன்'.

"குழந்தை கேட்டது, வாங்கினேன்" என்கிறார்கள். நல்ல கவனிப்பு இருந்தால் முயல் எட்டு, பத்து வருஷம் இருக்கும். பத்து வயதில் கேட்ட குழந்தை கல்லூரிக்குப் போகும் நாளிலும் காலையில் புல் தேடிப் போகிறவர் யார்? அந்தப் பெயரை முதலில் சொல்லுங்கள். சொல்ல முடியாதவர்களுக்குக் கடைத்தெருவில் பஞ்சு முயல் கிடைக்கிறது. அதைக் காதைப் பிடித்துத் தூக்கலாம், வெயிலில் போடலாம், சலித்தால் பரணில் எறியலாம்.

நேற்று என் நண்பர் ஒருவர், காலியாகக் கிடக்கும் கூண்டை இரவல் கேட்டு வந்தார். பேரனுக்கு முயல் வாங்கப் போகிறாராம். புல்லுக்கு என்ன ஏற்பாடு என்று கேட்டேன். "புல்லா? வீட்டிலே மிஞ்சறதைப் போட்டால் தின்னாதா?" என்றார். கூண்டைத் தரவில்லை. மனிதர் கோபித்துக்கொண்டு போய்விட்டார். கோபிக்கட்டும். அவருக்குச் சொல்ல வாய் இருக்கிறது.