கையெழுத்தும் தலையெழுத்தும்

"கும்மிடிப்பூண்டி சிப்காட்டுக்கு அடுத்த மனை, சர்க்கார் அங்கீகாரம் பெற்றது" என்று சொல்லி ஒருவன் விற்கிறான். ஆலையில் இராப்பகலாய் உழைத்துச் சேர்த்த பணத்தைக் கொட்டி ஒரு தொழிலாளி வாங்குகிறான். பிறகு பார்த்தால் அங்கீகாரமும் இல்லை, பாதையும் இல்லை. உடனே அவன், "கையெழுத்துப் போட்டாய் விட்டது, எல்லாம் என் தலையெழுத்து" என்று உட்கார்ந்து விடுகிறான்.

தோழர்களே! கையெழுத்துக்கும் தலையெழுத்துக்கும் என்ன சம்பந்தம்? இவனை ஏமாற்றியது விதியா, விற்றவனா? இப்புரட்டு எவ்வளவு மலிந்திருந்தால், அங்கீகாரமில்லாத மனைகளைப் பதிவு செய்யவே கூடாதென்று சென்னை ஹைக்கோர்ட்டு 9-9-2016-ல் உத்தரவு போட நேர்ந்திருக்கும்?

1872-ம் வருஷத்து இந்திய ஒப்பந்தச் சட்டம் என்ன சொல்லுகிறது? பொய்யால் பெற்ற சம்மதம் சுதந்திரமான சம்மதமே அல்ல என்கிறது. தெரிந்தே சொன்ன பொய் மோசடி (17-வது பிரிவு). தக்க ஆதாரமின்றி நிச்சயமாய்ச் சொன்னது பொய்யானால், "நானும் நம்பித்தான் சொன்னேன்" என்றாலும் அது தவறான கூற்றே (18-வது பிரிவு). இரண்டிலும் ஏமாந்தவன் ஒப்பந்தத்தை ரத்துச் செய்யலாம். அல்லது, சொன்ன சொல் உண்மையாயிருந்தால் தான் எந்த நிலையில் இருப்பானோ அந்த நிலையில் தன்னை வைக்கும்படி கேட்கலாம் (19-வது பிரிவு). ரத்துச் செய்கிறவன் தான் பெற்றதைத் திருப்பிக் கொடுக்க வேண்டும். நஷ்டஈடும் கேட்கலாம். மனை விளம்பரத்தில் பொய் சொன்னவன் பணத்தை வட்டியோடு திருப்பித் தர வேண்டுமென்று 2016-ம் வருஷத்து ரியல் எஸ்டேட் சட்டமும் சொல்லுகிறது.

நிற்க, சட்டம் சோம்பேறிக்குத் துணை நிற்பதில்லை. அச்சட்டமே ஓர் உதாரணம் கூறுகிறது: தன் தொழிற்சாலையில் வருஷத்துக்கு 500 மணங்கு அவுரி நீலம் ஆகிறதென்று ஒருவன் தவறாய்ச் சொல்ல, வாங்குகிறவன் கணக்கைப் பார்த்து 400 தான் என்று தெரிந்த பிறகும் வாங்கினால், ரத்துச் செய்ய முடியாது. சாதாரண கவனத்தால் உண்மையை அறிய வழியிருந்தும் அறியாதவனுக்கும், விற்றவன் சொன்னது வெறும் தவறான கூற்றாயிருந்தால், அந்த உரிமை இல்லை. வஞ்சகமாய்ப் பொய் சொன்னவன் இந்தச் சாக்கைச் சொல்ல முடியாதுதான். ஆனால் வஞ்சகத்தை ருசுப்பிக்க வேண்டியவன் ஏமாந்தவனே.

நம்மவர் செய்வதென்ன? பத்திரப் பதிவுக்கு ராகு காலம் பார்க்கிறார்கள், வாஸ்து பார்க்கிறார்கள். வில்லங்கச் சான்று மட்டும் பார்ப்பதில்லை! எந்தக் கோர்ட்டாவது பஞ்சாங்கத்தைச் சாட்சியாக ஏற்குமா என்று கேட்கின்றோம்.

ஆகவே, விற்பவன் சொல்லை எழுத்தில் வாங்குங்கள். விளம்பரத் துண்டையும் ரசீதையும் பத்திரப்படுத்துங்கள். புரட்டு தெரிந்தவுடனே எழுத்து மூலம் ரத்துச் செய்யுங்கள். தெரிந்த பின்னும் தவணை கட்டிக் கொண்டிருந்தால் ஒப்புக் கொண்டதாகி விடும். இடையில் யோக்கியமாய் விலை கொடுத்து வேறொருவன் வாங்கி விட்டாலோ உங்கள் பாடு திண்டாட்டம். பத்திரத்தை ரத்துச் செய்ய வழக்குப் போடுவதற்கும், விஷயம் தெரிந்த நாள் முதல் மூன்றே வருஷந்தான் தவணை.

விதியை நொந்து வீட்டில் உட்காருகிற ஒவ்வொருவனும், புரட்டன் அடுத்த மனையை விற்பதற்குத் துணை செய்கிறான் என்பதை மறக்க வேண்டாம்.