பட்டா இல்லையா... உள்ளே வராதே!

கொல்லிமலை பைல் நாட்டுலேர்ந்து உங்க இன்டர்ன். 70 கொண்டை ஊசி வளைவு ஏறி இங்கே வந்துட்டாலும், யாரோட மிளகுத் தோட்டத்துக்கும் சொந்தம் கொண்டாட முடியாது. எல்லைக்கல் எங்கே, பட்டாவுல என்ன இருக்கு... ரெண்டும்தான் பேசும். பிராசஸருக்குள்ளேயும் அதே கதைதான் பாஸ்!

நம்ம ஐ.ஐ.டி. மெட்ராஸோட 'சக்தி' பிராசஸரையே எடுத்துக்குவோம். 2018-ல் இந்தக் குடும்பத்துச் சிப் ஒண்ணு மொஹாலி எஸ்.சி.எல்.லில் தயாராகி லினக்ஸை பூட் பண்ணிக் காட்டுச்சு. 2025-ல் இஸ்ரோவோட சேர்ந்து செஞ்ச 'ஐரிஸ்' சிப்பும் இதே வம்சம். இவங்க எல்லாரும் பின்பற்றுறது 'ரிஸ்க்-ஃபைவ்' இலக்கணம்.

அந்த இலக்கணப்படி, பவர் வந்ததும் பிராசஸர் கண் முழிக்கிறது 'மெஷின் மோடு'ல. தாசில்தார் மாதிரி! மொத்த மெமரியும் அவர் கையில். முதல் வேலையா அவர் பட்டா எழுதணும். அட்ரஸ் ரெஜிஸ்டர்தான் எல்லைக்கல். அந்த எல்லைக்குள்ளே படிக்கலாமா, எழுதலாமா, புரோகிராம் ஓட்டலாமான்னு சொல்றது கான்ஃபிக் ரெஜிஸ்டர். இதை முடிச்ச பிறகுதான் ஒரு படி கீழே இறங்கி, லினக்ஸ்கிட்ட சாவியைக் கொடுப்பார்.

எழுதாம இறங்கிட்டா? கீழ் மோடுகளுக்கு, பட்டா இல்லாத மெமரி எல்லாமே தடை செய்யப்பட்ட நிலம். லினக்ஸோட முதல் கட்டளையை எடுக்கப் போகும்போதே 'ஃபால்ட்'. ஸ்க்ரீன்ல ஒரு எழுத்துகூட வராது!

இன்னொரு மேட்டர்... 'லாக்' பிட். அதை 1 ஆக்கிட்டா, எழுதின தாசில்தாரே நினைச்சாலும் அந்தப் பட்டாவை மாத்த முடியாது. அதுல உள்ள தடை அவருக்கும் சேர்த்துத்தான்! ரீசெட் பண்ணினாத்தான் விடுதலை.

எதுக்கு இவ்வளவு கெடுபிடி? ஒரு விண்கலத்துல கேமரா புரோகிராம் சொதப்பினா, போட்டோ மட்டும்தான் போகணும். திசை திருப்புற புரோகிராமோட மெமரியில் அது கை வெச்சா, கலமே போச்சு. தப்பு நடக்கும், அது பக்கத்து வயலுக்குப் பரவக் கூடாது. அதுக்கான ஏற்பாடு, முதல் புரோகிராம் ஓடுறதுக்கு முன்னாடியே முடிஞ்சிருக்கணும்.

ரிஸ்க்-ஃபைவ் இலக்கணப் புத்தகம் இலவசம். 'க்யூ-எமு' சாஃப்ட்வேரும் இலவசம். சிப் வாங்கக் காசு வேணாம். ஹாஸ்டல் கம்ப்யூட்டர்லயே ஒரு பட்டா எழுதிப் பாருங்க. ஐ.ஐ.டி. பசங்க படிக்கிற அதே பக்கம்தான் மலை மேலே நமக்கும். அதுக்கு எந்தப் பட்டாவும் தேவையில்லை!